கிளிக்கு மனநோய் மருந்து

கூண்டுக்கிளி தன் இறகுகளைத் தானே பிடுங்கிப் போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? மார்பிலும் தொடையிலும் வெறுந்தோல் தெரியும். தலையில் மட்டும் இறகு குலையாமல் இருக்கும். காரணம் எளிது: அதன் அலகு அதன் தலைக்கு எட்டாது! தோல் நோய், ஒட்டுண்ணி, ஊட்டக்குறைவு ஆகியவற்றாலும் இது நேரலாம். ஆனால் இவை ஒன்றும் இல்லாத கிளிகளும் இறகைப் பிடுங்குகின்றன. காட்டுக் கிளிகளிடமோ இப்பழக்கம் அநேகமாகக் காணப்படுவதில்லை.

கழுத்தில் வட்டத் தகடு மாட்டி அலகைத் தடுப்பது ஒரு முறை. அது இறகைக் காக்குமே தவிர, பிடுங்கும் உந்துதலைப் போக்காது.

உந்துதலைத் தணிக்கும் மருந்து மனிதரின் மனநோய் மருத்துவத்திலிருந்து வந்தது. 1952-இல் பாரிஸ் மருத்துவர்கள் டிலே, டெனிக்கர் இருவரும் குளோர்ப்ரோமசினை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டனர். 1958-இல் பெல்ஜியத்தில் பால் ஜான்சென் குழுவினர் ஹாலோபெரிடாலை உருவாக்கினர். மூளை நரம்புகளிடையே செய்தி கடத்தும் டோபமினின் வேலையை அது தடுக்கிறது. இறகு பிடுங்கும் கிளிகளுக்கு இவ்வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்த கட்டுரை 1993-இல் கால்நடை மருத்துவ இதழில் வெளிவந்தது.

இன்னொரு மருந்து குளோமிப்ரமின். இது செரோட்டோனின் என்னும் மற்றொரு கடத்தியின் செயலை நீடிக்கச் செய்கிறது. ஆனால் மருந்து தந்தபின் குணம் கண்டால், அது மருந்தால்தான் என்று எப்படிச் சொல்வது? 2004-இல் வெளியான ஆய்வில், காக்கட்டூ என்னும் கொண்டைக்கிளிகளில் சிலவற்றுக்கு மருந்தும், மற்றவற்றுக்குச் சத்தில்லாத வெற்று மருந்தும் தந்தனர். ஆறு வார முடிவில், மருந்துண்டவை கூடுதலாகத் தேறியிருந்தன.

அப்படியானால் மாத்திரையே போதுமா? போதாது. 2003-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் இளம் அமேசான் கிளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குத் தீனியைத் தேடி எடுக்கும் வேலையும், ஏறி விளையாடப் பொருள்களும் கிடைத்தன. மற்றப் பிரிவு வெறுங்கூண்டில் இருந்து இறகு இழந்தது. பின்னர் அதே வசதிகளைப் பெற்றதும் அவற்றின் இறகுநிலை தேறியது, மருந்து ஏதுமில்லை!

காட்டில் இரை தேடுவதிலேயே நாளின் பெரும்பகுதி கழிகிறது. கிண்ணத்துத் தீனியோ விரைவில் தீர்ந்துவிடுகிறது. மீதிப்பொழுதில் அலகுக்கு என்ன வேலை? எனவே முதலில் உடல்நோய் உண்டா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். அடுத்துக் கூண்டு வாழ்வு மாற வேண்டும். அதன் பிறகே மருந்து. அதுவும் மருத்துவர் சொல்லும் அளவில்தான். சில நூறு கிராம் எடையுள்ள உயிருக்கு, மனிதருக்கான மாத்திரையை நாமே கிள்ளிக் கொடுப்பது ஆபத்து.