வாய் திறவாத பிள்ளையின் சொல்

பேச்சு என்பது வாயினின்றும் எழும் ஒலியே என்று கல்வியாளர் நெடுங்காலம் கருதியிருந்தனர். 1880ஆம் ஆண்டில் மிலான் நகரிற் கூடிய செவிப்புலனற்றோர் கல்வி மாநாடு, சைகை மொழியை வகுப்பறையினின்றும் விலக்கி, வாய்ப்பேச்சையே விதித்தது. அம்முடிவு தவறென்று அதே மாநாடு வான்கூவர் நகரில் ஒப்புக்கொண்டது 2010இலேதான்! நூற்று முப்பது ஆண்டுகளில் எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் கைகட்டி இருந்தனரோ.

இலங்கையில் மேரி சாப்மன் அம்மையார் 1912இல் தொடங்கிய பள்ளி இரத்மலானையில் நிலைபெற்றது. தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கைதடியில் நஃபீல்ட் பள்ளி 1956இல் எழுந்தது. இவை செவியோ கண்ணோ புலன் குன்றியோர்க்கு உரியவை. ஆயின் மூளை முடக்குவாதத்தால் நாவும் கையும் ஏவலுக்கு இணங்காத பிள்ளையின் நிலை வேறு. அதற்குக் காது கேட்கும், பொருளும் விளங்கும், மறுமொழி மட்டும் வெளிவராது. இத்தகைய பிள்ளையை அறிவிலி என்று ஒதுக்கியவரே மிகப் பலர்.

வழி எதிர்பாராத திசையினின்றும் வந்தது. சார்ள்ஸ் பிளிஸ் என்பவர் நாட்சிகளின் சிறைமுகாம்களில் வாடி, பின்னர் ஷாங்காயில் அகதியாக வாழ்ந்தவர். ஆங்குச் சீன எழுத்துக்களைக் கண்டு, பல மொழியாளரும் ஒருங்கே படிக்கத்தக்க குறிகளை வகுக்க முனைந்தார். 1949இல் ஆஸ்திரேலியாவில் அந்நூலை வெளியிட்டார். உலக அமைதி அவர் நோக்கம். உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1971இல் கனடாவின் டொரொன்டோ நகர் ஆசிரியர் சிலர் அக்குறிகளை அட்டையில் எழுதி, பேசவியலாப் பிள்ளைகள் முன் வைத்தனர். பிள்ளைகள் விரலாலும் பார்வையாலும் குறிகளைச் சுட்டி வாக்கியம் அமைத்தனர்.

சென்னையில் 1985இல் தொடங்கிய வித்யாசாகர் நிறுவனமும் இத்தகைய பிள்ளைகளோடு உழைத்தது. இலங்கையிலோ, களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடம் 1997இல் பேச்சுச் சிகிச்சைக்கான டிப்ளோமாவையும், 2008இல் பட்டப்படிப்பையும் ஆரம்பித்தது.

மன்னார்ப் பெருநிலத்துப் பெரியமடுவிலிருந்து ராகம நெடுந்தொலைவு. தூரத்தினும் பெரிது மொழி. தமிழில் பயிலும் பிள்ளைக்குத் தமிழறிந்த சிகிச்சையாளரே வேண்டும். ல, ள, ழ வேறுபாட்டை வேற்றுமொழியாளர் எங்ஙனம் திருத்துவர்?

படஅட்டைக்கோ பெருஞ்செலவில்லை. குளம், வயல், மாடு, அம்மா எனப் பிள்ளை நாளும் காண்பவற்றை வரையலாம். ஆயின் ஆசிரியர் பலர் பொருட்பெயர்களோடு நின்றுவிடுகின்றனர். 'வேண்டாம்', 'நோகிறது', 'ஏன்?' என்பனவும் அட்டையில் இருத்தல் வேண்டும். பசியையும் தாகத்தையும் தாய் குறிப்பால் அறிவாள்; மறுப்பையும் வினாவையும் பிள்ளைதான் சொல்லவேண்டும்.