பரிமாற்றம் என்றொரு சொல்: தெசலோனிக்கியின் பேருந்துத் தடத்தில்

தெசலோனிக்கி என்னும் நகரப் பெயர் தமிழுக்குப் புதிதன்று. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டு நிருபங்களின் வழியாக அது விவிலியத் தமிழுக்குள் எப்போதோ வந்துவிட்டது. கி.மு. 315 அளவில் மாசிடோனிய ஆட்சியாளன் கசாந்தர் இந்நகரை நிறுவி, தன் மனைவியும் அலெக்சாந்தரின் மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரியுமான தெசலோனிகேயின் பெயரைச் சூட்டினான். இன்று அது கிரேக்க நாட்டின் இரண்டாவது பெரிய நகரம். 1987-இல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டத்தின் கீழ் ஐரோப்பிய மாணவர்கள் ஓரிரு பருவங்கள் தங்கிப் படிக்க வரும் கல்வி நகரமும்கூட. அவ்வாறு வந்த ஒரு மாணவி நாள்தோறும் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் பயணத்தில், வரலாற்று நோக்கோடு நாமும் சற்றே உடன் செல்வோம்.

வந்திறங்கிய சில நாள்களிலேயே அவள் இரண்டு கிரேக்கச் சொற்களைக் கற்றுக்கொள்வாள். பொதுப் போக்குவரத்துக்குக் கிரேக்கத்தில் 'சிங்கினோனியா' என்று பெயர். 'கினோனியா' என்றால் சமூகம். 'சின்' என்னும் முன்னொட்டு 'உடன்' என்னும் பொருள் தருவது. ஆக, பேருந்தில் ஏறுவது என்பதே சொல்லளவில் பிறரோடு கூடியிருத்தல். இரண்டாவது சொல் 'அந்தலயி', அதாவது பரிமாற்றம். அவளைப் 'பரிமாற்ற மாணவி' ஆக்குவது இச்சொல்தான். ஆனால் இந்நகரத்தில் அதற்கு முன்பே வேறொரு கனத்த பொருள் இருக்கிறது.

நகரத்தின் முதல் டிராம் 1893-இல் ஓடியது. அப்போது இது உஸ்மானியப் பேரரசின் துறைமுகம். பெல்ஜிய நிறுவனம் ஒன்று இட்ட தண்டவாளத்தில் குதிரைகள் பெட்டியை இழுத்தன. 1908-இல் மின்சாரம் வந்தது. அந்தப் பெட்டிகளுக்குள் துருக்கியும் கிரேக்கமும் பல்கேரிய மொழியும் ஒலித்தன. 1492-இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களின் வழித்தோன்றல்கள் பேசிய லாடினோவும் ஒலித்தது. 1912-இல் நகரம் கிரேக்கத்தின் வசமானது. 1917-இன் பெருந்தீ நகரின் நடுப்பகுதியை எரித்து எழுபதாயிரம் பேர் அளவில் வீடற்றவர்களாக்கியது.

பரிமாற்றம் அதற்குப் பின் வந்தது. 1923 ஜனவரி 30 அன்று லொசானில் கிரேக்கமும் துருக்கியும் மக்கள் பரிமாற்ற உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. போரில் முன்னரே ஓடிவந்தவர்களையும் சேர்த்துச் சுமார் 12 இலட்சம் கிறித்தவர்கள் கிரேக்கத்துக்கு வந்தனர். சுமார் 4 இலட்சம் முஸ்லிம்கள் துருக்கிக்குப் போயினர். யாரிடமும் விருப்பம் கேட்கப்படவில்லை. மொழி கற்பிப்பவர்களாகிய நம்மை உறுத்துவது இன்னொன்று: அங்கே மொழி எவ்விதத்திலும் கணக்கில் கொள்ளப்படவில்லை. துருக்கி மட்டுமே பேசிய அனத்தோலியக் கிறித்தவர்கள் 'கிரேக்கர்' ஆயினர். கிரேக்கம் பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் 'துருக்கியர்' ஆயினர். மதம் ஒன்றே அளவுகோலாக இருந்தது. தாய்மொழி புரியாத தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டவர்களை 'அந்தலாக்சிமி', பரிமாறத்தக்கவர்கள், என்று அரசு ஆவணங்கள் குறித்தன.

அவர்கள் குடியேறிய பகுதிகளின் பெயர்களைப் பேருந்தின் நெற்றிப் பலகைகளில் இன்றும் வாசிக்கலாம். நெயா க்ரினி என்றால் 'புதிய க்ரினி'. பழைய க்ரினி இன்று துருக்கியின் செஷ்மே. மெனெமெனி என்னும் பகுதி இஸ்மீருக்கு அருகிலுள்ள மெனெமென் ஊரின் நினைவைச் சுமப்பது. இழந்த ஊர்களின் பட்டியலே இங்கே பேருந்துத் தடங்களின் பட்டியலாகவும் இருக்கிறது.

மாணவியின் பேருந்து புகைவண்டி நிலையத்திலிருந்து எக்னாத்தியா தெரு வழியாகக் கிழக்கே செல்கிறது. தெருவுக்குத் தெற்கே, கடலோரத்தை ஒட்டி இருக்கிறது எலெஃப்தெரியாஸ், அதாவது விடுதலைச் சதுக்கம். 1942 ஜூலை 11 அன்று சுமார் 9,000 யூத ஆண்களை நாஜிப் படையினர் அங்கே கொளுத்தும் வெயிலில் நிறுத்தி இழிவுபடுத்தினர். போருக்குப் பின் பல பத்தாண்டுகள் அச்சதுக்கம் வண்டி நிறுத்துமிடமாகவும் பேருந்துகள் புறப்படும் இடமாகவும் பயன்பட்டது. 1943 மார்ச் 15 அன்று நகரின் பழைய நிலையத்திலிருந்து ஆஷ்விட்சுக்கு முதல் இரயில் கிளம்பியது. சில மாதங்களில் 45,000-க்கும் மேற்பட்டோர் அனுப்பப்பட்டனர். திரும்பியவர்கள் மிகச் சிலர்.

அவள் இறங்கும் நிறுத்தம் பல்கலைக்கழகம். அரிஸ்டாட்டில் பெயர் தாங்கிய அவ்வளாகத்தின் பெரும்பகுதி பழைய யூத இடுகாட்டின் மேல் எழுந்தது. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் இருந்ததாக மதிப்பிடப்படும் அந்த இடுகாடு 1942 டிசம்பரில், ஆக்கிரமிப்பாளர்களின் அனுமதியோடு உள்ளூர் அதிகாரிகளால் இடிக்கப்பட்டது. கல்லறைக் கற்கள் நகரெங்கும் கட்டடக் கற்களாயின. வளாகத்தில் ஒரு நினைவுச் சின்னம் எழ 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

டிராம்கள் 1957-இல் நின்றுபோயின; அதன்பின் பேருந்துகளே நகரைச் சுமந்தன. 2006-இல் மெட்ரோவுக்கான சுரங்கப் பணி தொடங்கியபோது நிலம் தன் நினைவுகளைத் திறந்து காட்டியது. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட தொல்பொருள்கள் கிடைத்தன. வெனிசெலூ நிலையத்தில், இன்றைய எக்னாத்தியாவின் அடியிலேயே, பைசாந்திய காலத்துப் பளிங்குச் சாலை ஒன்று கடைகளின் எச்சங்களோடு வெளிப்பட்டது. அதை இருந்த இடத்திலேயே காப்பதா, பெயர்த்தெடுத்து மீண்டும் பதிப்பதா என்று ஆண்டுக்கணக்கில் வழக்காடினர். இறுதியில் பெயர்த்தெடுத்துப் பதித்தனர். 2024 நவம்பர் 30 அன்று 13 நிலையங்களோடு, ஓட்டுநரில்லா வண்டிகளோடு மெட்ரோ திறக்கப்பட்டது. நிலையத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே இப்போது ஐந்தே நிறுத்தங்கள்.

பயணம் விரைவாகிவிட்டது, சுரங்கத்தின் சன்னலில் நெற்றிப் பலகைகளோ சதுக்கங்களோ தெரிவதில்லை. எனவே சொற்களையாவது அறிந்து செல்வது நல்லது என்று நமக்குத் தோன்றுகிறது. பரிமாற்ற மாணவி தானே விண்ணப்பித்து வந்தவள். பருவம் முடிந்ததும் வீடு திரும்புவாள். அந்த வீடும் அவளுக்காகவே இருக்கும். 1923-இல் பரிமாறப்பட்டவர்களுக்கு இம்மூன்றில் ஒன்றும் வாய்க்கவில்லை. ஒரே சொல்லின் இரு பொருள்களுக்கு இடையே உள்ள தொலைவு அது. அம்மாணவர்களுக்கான முதல் கிரேக்க வகுப்பில் 'அந்தலயி' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், இரண்டு பொருள்களையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும்.