மனைவாயிலும் அரசியலமைப்பும்

‘காவல்’ என்னும் சொல் காத்தலையும் சிறைப்படுத்தலையும் ஒருங்கே உணர்த்தும். காக்கும் கை எந்நிலையில் கட்டும் கையாகலாம் என வரையறுத்தல் அரசியலமைப்பின் கடன்களுள் ஒன்று. இந்திய அரசியலமைப்பு இவ்வரையறையைக் கைது பற்றி வகுத்துரைத்தும், மனைச்சோதனை பற்றி வாளா இருந்தமை ஈண்டு ஆராயப்படுகின்றது.

கைதானவர்க்குக் காரணம் உணர்த்தப்படல் வேண்டும். அவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளலாம். வழிப்பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துள் நடுவர்முன் நிறுத்தப்படல் வேண்டும். இவை 22ஆம் உறுப்பின் விதிகள். தடுப்புக்காவலில் உள்ளோர்க்கு இவை பொருந்தா என்பதும் நினைத்தற்குரியது. 1949 செப்டம்பரில் அம்பேத்கர் இவ்விதிகளை அரசியல் நிர்ணய சபையில் முன்வைத்தார். ‘சட்டம் நிறுவிய நடைமுறை’ என்ற தொடர் மட்டும் உரிமைக்குப் போதிய காப்பாகாது என்று எழுந்த குறைக்கு அவை ஈடாயின.

மனைச்சோதனையின் வரலாறு வேறு. அமெரிக்க அரசியலமைப்பில் 1791இல் சேர்ந்த நான்காம் திருத்தம், தக்க காரணமின்றி வீட்டையும் தாள்களையும் சோதித்தலை விலக்கியது. அதனையொத்த விதியைச் சென்னைச் சட்ட வல்லுநர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் 1947இல் எதிர்த்தார். ஆலோசனைக் குழுவில் அது கைவிடப்பட்டது. 1948 டிசம்பரில் காஜி சையத் கரீமுத்தீன் அதனைத் திருத்தமாக மீண்டும் கொணர்ந்தார். இக்காப்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முன்னரே உள்ளதாயினும், பிற்காலச் சட்டமன்றங்கள் அதனை நீக்கிவிடக்கூடும்; ஆதலின் அவற்றின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தல் நன்று என அம்பேத்கர் உடன்பட்டார். எனினும் வாக்கெடுப்பு தள்ளிவைக்கப்பட்டு, திருத்தம் பின்னர்த் தோல்வியுற்றது.

அத்தோல்வியின் விளைவு 1954இல் வெளிப்பட்டது. எம். பி. சர்மா வழக்கில் உச்சநீதிமன்ற நீதிபதிகள் எண்மர், நான்காம் திருத்தத்தை ஒத்த விதி நம் அரசியலமைப்பில் இன்மையைச் சுட்டி, சோதனைக்கு அத்தகைய தடையை ஏற்க மறுத்தனர். 2017 ஆகஸ்டு 24இல் புட்டசாமி வழக்கில் ஒன்பதின்மர் ஒருமித்து, தனிமறைவு அடிப்படை உரிமையே எனத் தீர்த்தனர். சர்மா தீர்ப்பு அதற்கு மாறுபட்ட அளவில் வீழ்ந்தது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சோதனையை ஒலி, ஒளி வடிவில் பதிவு செய்யப் பணிக்கின்றது. இது பயனுடைய காப்பே. ஆயின் சட்டமன்றம் அளித்ததைச் சட்டமன்றமே திருத்தலாம். கைதுக்குரிய எல்லை அரசியலமைப்பின் சொல்லில் நிற்கின்றது. சோதனைக்குரிய எல்லையோ நீதிபதிகளின் விளக்கத்தில் நிற்கின்றது. 1948இல் அம்பேத்கர் கண்ட வேறுபாடு இதுவே. இன்றும் அது முற்றும் நீங்கிற்றிலது.