நோகாத காலும் பிந்தும் பரிந்துரையும்: கல்லடியை முன்வைத்து நீரிழிவுப் பாதம் பற்றி ஓர் ஆய்வு

கல்லடியில் நீரிழிவுள்ளவரின் பாதம் பழுதாவதற்குத் தூரத்தைக் காரணம் சொல்ல முடியாது. மட்டக்களப்பு வாவிக்கு மேல் பழைய இரும்புப் பாலத்தருகே 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை முச்சக்கரவண்டிக்குச் சிறு ஓட்டம். சிகிச்சைக்குக் காசும் கட்டத் தேவையில்லை. இருந்தும் ஒரு புண் வாரக்கணக்கில் வீட்டிலேயே கிடக்க முடிகிறது. நோவு தாங்காமல் போனால் வைத்தியரிடம் போவது நம் வழக்கம். நரம்பு பழுதான காலில் அந்த நோவு எழுவதேயில்லை. பல வருடம் சீனி வருத்தம் உள்ளவருக்குச் சிப்பி கிழித்ததுகூடத் தரையில் இரத்தத்தைக் கண்ட பிறகே தெரியவரும். நோயாளர் முறைப்பாடு சொல்லும்வரை காத்திருக்கும் பரிந்துரை முறை இங்கே அடிப்படையிலேயே பிழைக்கிறது என்பதே என் வாதம்.

2005–06இல் இலங்கையில் நடந்த நாடளாவிய ஆய்வு 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. 2018–19 ஆய்வில் அது வளர்ந்தோரில் ஐந்திலொரு பங்கைத் தாண்டியது. முறைகள் வேறாதலால் இரண்டையும் நேராக ஒப்பிடலாகாது. ஆனாலும் இத்தனை பேரின் பாதங்களையும் நிபுணரே பார்ப்பது நடக்காத காரியம் என்பதற்கு இது போதும்.

பார்ப்பதற்கு நிபுணர் தேவையுமில்லை. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் உருவான தொடுகைச் சோதனைக்குக் கருவியே வேண்டாம். நோயாளர் கண்ணை மூடிக்கொள்வார். தாதி சுட்டுவிரல் நுனியால் இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை ஓரிரு விநாடி மெல்லத் தொடுவார். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ உணரப்படாவிட்டால் கால் ஆபத்தில் உள்ளது. பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுக்காலின் பின்புறத்திலும் நாடி பிடித்துப் பார்த்து, விரலிடுக்கையும் காய்ப்பையும் கவனித்தால் முதல் மதிப்பீடு முடிந்தது. கிளினிக் கொப்பியில் குருதிச் சீனியின் எண்ணுக்குப் பக்கத்தில் இதற்கும் ஒரு வரி வேண்டும். உணர்வும் குருதியோட்டமும் சரியாயிருந்தால் வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். முன்பு புண் வந்த காலை 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறது சர்வதேச நீரிழிவுப் பாதப் பணிக்குழு.

உணர்விழந்த காலை எப்படிப் பேணுவது என்ற அறிவு நமக்கு இரவலாக வந்ததன்று. தொழுநோயாளரை ஒதுக்கிவைத்த மாந்தீவு இதே மட்டக்களப்பு வாவிக்குள்தான் இருக்கிறது. அந்நோயில் புண்பட்ட பாதத்துக்கு முழுமையாக ஒட்டிப் பிடிக்கும் பிளாஸ்டர் போட்டு, நடக்கவிட்டே ஆற்றும் முறையை 1930களில் இலங்கையில் கையாண்டவர் சத்திரசிகிச்சை நிபுணர் மில்ரோய் போல். 1946இல் வேலூருக்கு வந்து தொழுநோயாளரிடையே பணியாற்றிய போல் பிராண்ட் 1960களில் அம்முறையை அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் வைத்தியசாலைக்குக் கொண்டு போனார். அங்கிருந்து அது நீரிழிவுப் பாதத்துக்குப் போயிற்று. புண்ணை ஆறவிடாமல் வைத்திருப்பது அதன்மேல் விழும் உடற்பாரம் என்பதே இவர்களின் பாடம். நாள்தோறும் மருந்து கட்டிக்கொண்டு அதே காலால் சந்தைக்கு நடப்பவருக்குக் கட்டினால் பெரிய பயன் வராது. குருதியோட்டம் குன்றாத, கடுந்தொற்று இல்லாத அடிப்பாதப் புண்ணுக்குப் பாரத்தை இறக்குவதே முதல் மருந்து. தொற்றின் அறிகுறி இல்லாத புண்ணுக்கு நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பது வெறும் பழக்கம்.

எந்நேரமும் செருப்பணியுங்கள் என்ற அறிவுரை குளிர்நாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. கரைவலை இழுப்பவர் மணலில் வெறுங்காலோடு நிற்பார். குசினிக்குள்ளும் கோயிலுக்குள்ளும் செருப்பு போகாது. கதிர்காமப் பாதயாத்திரை இவ்வழியாகத்தான் போகிறது. இவற்றையெல்லாம் அறியாமை என்று ஒதுக்கும் வைத்தியரின் பேச்சு எடுபடாது. வீட்டுக்குள் போட மட்டும் தனியாக ஒரு மென்றப்பர்ச் செருப்பு, உச்சி வெயிலைத் தவிர்த்துக் காலைப் பூசைக்குப் போவது என்று பேரம் பேசலாம். தீமிதிப்பில் பேரத்துக்கு இடமில்லை. உணர்விழந்த கால் தணலில் இறங்கக் கூடாது; நேர்த்தியை வேறொன்றாக மாற்றச் சொல்ல வைத்தியரைவிடப் பூசகரே பொருத்தமானவர்.

இப்பிரதேசத்துக்கு இன்னொரு தனிச்சிக்கல் உண்டு. மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் மட்டக்களப்பில் நிலைகொண்ட நோய். நீரிழிவு அதற்கு முதன்மையான ஆபத்துக் காரணி. படுவான்கரை வயலில் இறங்கியவருக்கு மாரிகாலத்தில் காய்ச்சலோடு சீழ்க்கட்டி வந்து, வழக்கமான மருந்துக்கு மசியாவிட்டால், ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் துண்டில் இந்தச் சந்தேகத்தை எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் வளர்ந்த கிருமியை வேறொன்றாக எண்ணி விட்டுவிடக்கூடும். சிகிச்சையும் வேறு: முதலில் செஃப்டசிடைம் அல்லது மெரோபெனம் ஊசி, பின்னர் மாதக்கணக்கில் மாத்திரை.

ஆகவே பரிந்துரையைக் கிளினிக் நாளோடு கட்டிப்போட முடியாது. இங்கிலாந்தின் 2015 வழிகாட்டி, புதிய பாதப்புண்ணை ஒரு வேலை நாளுக்குள் பாதச் சேவைக்கு அனுப்பச் சொல்கிறது. உயிருக்கோ காலுக்கோ ஆபத்தென்றால் உடனடியாக. காய்ச்சல், பரவும் சிவப்பு, துர்நாற்றம், கறுத்த விரல் ஆகியவற்றை எவரும் அவசரமென்று உணர்வர். ஏமாற்றுவது புண்ணே இல்லாமல் சூடேறி வீங்கிய பாதம். நோவு குறைவென்பதால் அதைச் சுளுக்கு என்று எண்ணெய் தடவி உருவுவார்கள். எக்ஸ்ரேயும் தொடக்கத்தில் ஒன்றும் காட்டாமல் போகலாம். உள்ளே எலும்புகள் நொறுங்கிப் பாத வளைவே சரியும் சார்க்கோ பாதமாக அது இருக்கக்கூடும். மறுபாதத்தைவிட 2 பாகை செல்சியஸ் சூடு கூடியிருந்தால் அதையே சந்தேகித்து, நடையை நிறுத்தி அன்றே அனுப்ப வேண்டும்.

‘விரலை எடுத்துப்போடுவாங்க’ என்ற பயம் பலரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகவிடாமல் தடுக்கிறது. அனுப்பும்போது எதற்காக அனுப்புகிறோம், அங்கே என்ன செய்வார்கள் என்று நோயாளருக்கும் கூட வந்தவருக்கும் சொல்வதும் பரிந்துரையின் பகுதிதான். திரும்பும் வழிக்கும் கடிதம் வேண்டும். ஆறிய புண்களில் ஏறத்தாழ 40 வீதம் ஒரு வருடத்துக்குள் மீண்டும் வருகின்றன. வார்டை விட்டு அனுப்பும் வைத்தியர், அடுத்த பாதப் பரிசோதனைத் திகதியையும் அதைச் செய்ய வேண்டிய கிளினிக்கின் பெயரையும் கொப்பியில் எழுதாமல் கையொப்பம் இடக் கூடாது.