விடுபட்ட வரி

சித்தையன்கோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து 'உயிர்வலி' படத்தை மடிக்கணினியில் ஓட்டினேன். பேரறிவாளனைப் பற்றி 2013 நவம்பரில் வெளியான ஆவணப்படம். அற்புதம்மாளுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்ட பெரியம்மா, முடிந்ததும் கேட்டார்: "ஏம்ப்பா, குண்டுல செத்த போலீஸ்காரவுகளுக்கும் ஆத்தா இருப்பாள்ல?"

பதில் சொல்ல முடியவில்லை. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். படமோ மரண தண்டனைக்கு எதிரான பிரச்சாரத்தின் பகுதி. ஒருபக்கச் சார்பு என்று விமர்சித்தவர்கள் பொய் சொல்லவில்லை.

ஆனால் அந்தப் படத்தில்தான் ஓய்வுபெற்ற சிபிஐ அதிகாரி வி. தியாகராஜன் பேசினார். பேரறிவாளனின் வாக்குமூலத்தை எழுதியவர் அவர். 9 வோல்ட் பேட்டரிகளை வாங்கித் தந்ததைப் பேரறிவாளன் ஒப்புக்கொண்டார். எதற்கென்று தெரியாது என்றும் சொன்னார். அந்த வரியைத் தான் எழுதவில்லை என்றார். "இத்தனை வருசம் எங்கே போனார்?" என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். 2017-இல் அதையே உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமாகவும் கொடுத்தார்.

அந்த வரியின் எடை என்ன? சாதாரணச் சட்டத்தில் போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியம் ஆகாது. தடா சட்டத்தின் 15-ஆம் பிரிவு அதை ஆக்கியது. 1999 மே 11 தீர்ப்பில், இது தடா குற்றமே அல்ல என்ற உச்ச நீதிமன்றம், தடாவின்கீழ் எழுதிய வாக்குமூலங்களை மட்டும் ஏற்றுக்கொண்டு நால்வரின் தூக்கை உறுதிசெய்தது. கைதானபோது பேரறிவாளனுக்கு வயது 19.

படத்தைக் கொண்டாடியவர்களும் ஒன்றை மறக்கிறார்கள். 2014-இல் தூக்கு ஆயுளானது கருணை மனுவைக் கிடப்பில் போட்ட தாமதத்தால். 2022 மே 18 விடுதலையும் அரசியல் சட்டத்தின் 142-ஆம் பிரிவின்கீழ் வந்தது. குற்றமற்றவர் என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை.

எனக்கு உறுத்துவது இதுதான். ஆவணப்படம் எதையாவது விட்டால் நாம் விமர்சனம் எழுதலாம், இன்னொரு படம் எடுக்கலாம். வாக்குமூலம் ஒரு வரியை விட்டால்? அதுவும் ஒருபக்கச் சார்பான ஆவணந்தான். அதற்கு விமர்சனம் வர 22 வருசம் ஆனது. அதுவும் இந்த ஒருபக்கப் படம் வழியாகத்தான் வந்தது.

பெரியம்மாவின் கேள்வி அப்படியே இருக்கிறது. செத்த காவலரின் தாய்க்கும் முழு உண்மை கிடைக்கவில்லை. அவளுக்கும் சேர்த்துத்தான் அந்த வரியை எழுதியிருக்க வேண்டும்.