கல்லிலிருந்து பல்லுக்கு

ஆரணிக்குப் பட்டு என்றால், ஆரணிக்கும் போளூருக்கும் இடையில் இருக்கும் திருமலைக்குக் கல். அங்கே ராஜராஜனின் தமக்கை குந்தவையின் பெயரில் ஒரு ஜினாலயம், அதாவது சமணக் கோயில், இருக்கிறது. பாறையிலேயே வெட்டிய தீர்த்தங்கரர் நேமிநாதர் சுமார் 16 மீட்டர் உயரத்தில் நிற்கிறார். நூற்றாண்டுக் கணக்கில் வெயிலும் மழையும் பார்த்த கல். ஆனால் எந்தப் பாறையும் முழுக்கச் சும்மா நிற்பதில்லை. விரிசலுக்குள் இறங்கும் மழைநீர் துளியளவு எதையாவது கரைத்துக்கொண்டுதான் கீழே போகும். அப்படிக் கரைந்து கிளம்புவதில் ஒன்று புளோரைடு. நம் குழந்தைகளின் பல் கதையில் பாதி இதன் பயணம்தான்.

பழைய வடஆர்க்காட்டின் தரையடியில் கிடப்பவை கருங்கல்லும் அதன் உறவுப் பாறைகளும். இத்தகைய பாறைகளில் அபடைட் என்றொரு கனிமம் சிறு சிறு மணிகளாக ஒளிந்திருக்கும். வேறு கனிமங்களைப் போலத் தோற்றம் காட்டிக் கண்ணை ஏய்த்ததால், கிரேக்க மொழியில் ஏமாற்றுதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வைத்தார்கள். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த கட்டமைப்பு. நடுநடுவே புளோரைடு உட்கார்ந்திருக்கும். வியப்பு என்னவென்றால், நம் பல்லின் எனாமலும் அபடைட்தான். ஒரே குடும்பம், ஒரே கட்டுமானம். புளோரைடு இருக்க வேண்டிய இடத்தில் பல்லில் பெரும்பாலும் ஹைட்ராக்சில் என்ற வேறொன்று இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். பல் என்பது வாய்க்குள் முளைக்கும் கல்.

பாறையை விட்ட புளோரைடு முதலில் போய்ச் சேர்வது நிலத்தடி நீரில். ஆற்று நீரில் இது மிகக் குறைவு. ஆழத்தில் நெடுங்காலம் கல்லோடு கிடந்த நீரில் கூடுதல். கால்சியம் நிறைய இருந்தால் அது புளோரைடைப் பிடித்துக் கீழே படிய வைத்துவிடும்; கால்சியம் குறைந்து காரம் ஏறிய நீரில் பிடிப்பார் இல்லாமல் ஏறிக்கொண்டே போகும். கிணறு போய் போர்வெல் வந்து, அதுவும் ஆழம் போகப் போக, புளோரைடு குடத்துக்குள் வந்தது. ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் குடித்து வளரும் குழந்தையின் பல் வெள்ளைத் திட்டாகவும் பழுப்புக் கறையாகவும் முளைக்கிறது. அளவு இன்னும் கூடிப் பல ஆண்டுகள் தொடர்ந்தால் எலும்பு இறுகி முதுகு வளைகிறது.

இந்தியாவில் இந்த நோயை முதலில் அடையாளம் கண்டது சென்னை மாகாணத்தில். 1937-இல் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டின் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி மூவரும் நெல்லூர் மாவட்டத்து ஊர்களில் உடம்பு விறைத்துப்போனவர்களைப் பற்றி எழுதினார்கள். காரணம் கிணற்று நீரின் புளோரைடு என்றார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பாரத்தை அதிகம் சுமந்தவை தருமபுரியும் கிருஷ்ணகிரியும். ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் காவிரி நீரை அந்த மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. நிலத்தடியில் இருப்பதை விட்டு மலை தாண்டி ஆற்று நீர் வந்ததற்குக் காரணம் இந்த ஒரு புளோரைடு.

இதே புளோரைடுக்கு உலகின் இன்னொரு மூலையில் வேறு முகம் கிடைத்தது. 1901-இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் போன பல் மருத்துவர் பிரெடெரிக் மெக்கே, அவ்வூர்க்காரர்களின் பல்லில் பழுப்புக் கறையைக் கண்டு திகைத்தார். கறை அசிங்கம்தான். ஆனால் கறை படிந்த பல்லில் சொத்தை மட்டும் அபூர்வம். முப்பது ஆண்டு தேடலுக்குப் பின், 1931-இல் ஓர் அலுமினிய நிறுவனத்தின் வேதியியலர் சர்ச்சில் தண்ணீரைச் சோதித்து, காரணம் புளோரைடு என்றார். கறை விழாமல் சொத்தையும் வராத அளவு எது? பல் மருத்துவர் டிரெண்ட்லி டீன் ஊர் ஊராகப் பிள்ளைகளின் பல்லை எண்ணி, லிட்டருக்குச் சுமார் 1 மில்லிகிராம் என்று கண்டார். 1945 ஜனவரி 25 அன்று கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் தன் குடிநீரில் அந்த அளவு புளோரைடைக் கலக்கத் தொடங்கியது. பின்னர் அங்கே பிறந்த பிள்ளைகளிடம் சொத்தை 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

நம் வெயிலுக்குக் குழந்தை குடிக்கும் தண்ணீரே கூடுதல். போதாததற்குப் பல ஊர்களில் நிலமே புளோரைடைக் கலந்து தருகிறது. எனவே தண்ணீர்க் குழாய் வழி நமக்கு ஒத்துவராது. நம் வீட்டுக்குள் புளோரைடு பேஸ்ட் ட்யூபில் நுழைந்தது. புளோரைடு பேஸ்ட் 1950-களில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. சுரங்கத்தில் வெட்டியெடுக்கும் புளோர்ஸ்பார் என்ற கல்தான் அதற்கும் மூலப்பொருள். குஜராத்தின் அம்பாடுங்கரிலும் அந்தக் கல் உண்டு. மறுபடியும் கல்.

இனி ஆரணியின் ஒரு தறி வீட்டுக்கு வருவோம். குழித்தறியில் அம்மா, பக்கத்தில் தரையில் குழந்தை. அழுதால் கையில் ஒரு பிஸ்கட். மதியத்தில் சர்க்கரை போட்ட பால் பாட்டில், அது வாயில் இருக்கும்போதே தூக்கம். வேலை நிற்கக் கூடாதே. சில மாதத்தில் முன்பல் ஈறோரம் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளை விழுகிறது, பிறகு பழுப்பாகிறது. “பூச்சி அரிச்சிடுச்சு” என்பாள் பாட்டி. “விழப்போற பல்தானே” என்பார் தாத்தா.

பாட்டி சொன்ன பூச்சி உண்மையில் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. சர்க்கரையைத் தின்று அமிலம் கக்கும். வாயின் கார அமில நிலை (pH) 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியம் கரையத் தொடங்கும். எச்சில் அதை மெல்லச் சரிசெய்துவிடும், அதற்கு அரை மணியோ அதற்கு மேலோ வேண்டும். அதற்குள் இன்னொரு பிஸ்கட் வந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. ஒரே வேளையில் தின்ற இனிப்பைவிட நாளெல்லாம் கொறித்த இனிப்பு கெடுப்பது இதனால்தான். தூங்கும்போது எச்சிலும் வற்றிவிடுகிறது. பாட்டிலோடு தூங்கும் குழந்தையின் பல்லுக்குக் காவல் இல்லை.

இங்கேதான் நம் பயணி புளோரைடு வேலைக்கு வருகிறது. பாவில் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி, இழையைப் பிணைத்துவிட்டுத்தான் மேலே நெய்வார். எச்சிலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் பல்லுக்கு அந்த வேலையைச் செய்கின்றன. பக்கத்தில் புளோரைடு இருந்தால் பிணைப்பு விரைவாகவும் உறுதியாகவும் விழுகிறது. பழைய ஹைட்ராக்சில் இடத்தில் புளோரைடு அமர்கிறது. அந்த இடம் கரைய இனி கார அமில நிலை 4.5 வரை இறங்க வேண்டும். பாறையின் அபடைட்டில் இருந்த அதே இருக்கை. வெள்ளைக் கோட்டை இப்படித் திரும்பக் கட்டலாம். குழி விழுந்த பிறகு பல் மருத்துவர்தான் அடைக்க வேண்டும்.

இந்த வேலை பல்லின் மேற்பரப்பில் நடப்பது. வயிற்றுக்குள் போன புளோரைடால் இந்தப் பயன் மிகக் குறைவு. அளவு மீறினால் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லில் கறை விழும். எனவே மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு பேஸ்ட், அதன் பின் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. நம் பேஸ்ட்டுகளில் புளோரைடுக்கு உச்சவரம்பு பத்து லட்சத்தில் 1000 பங்கு. பட்டாணி அளவை முழுதாக விழுங்கினாலும் சுமார் கால் மில்லிகிராம்தான். விளம்பரத்தில் காட்டுவது போல பிரஷ் நீளத்துக்குப் பிதுக்கினால் நாலு மடங்கு. ட்யூப் அம்மா கையில் இருக்கட்டும். புளோரைடு அதிகமுள்ள வட்டாரத்தில் முதலில் பார்க்க வேண்டியது குடிநீர். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகங்களில் சோதித்துச் சொல்வார்கள்.

“விழப்போற பல்தானே” என்ற தாத்தாவுக்கும் ஒரு பதில் உண்டு. ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமலே, வரிசையின் கடைசியில் கடைவாய்ப்பல் ஒன்று முளைக்கும். பால்பல் என்று பலர் விட்டுவிடுவது அதைத்தான். ஆயுள் முழுக்க மெல்ல வேண்டிய பல் அது. பக்கத்துப் பால்பல்லில் இருக்கும் பாக்டீரியா அதற்கு மட்டும் வழிவிடுமா? அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு பிள்ளைகளின் சொத்தைப் பல்லையும் பார்க்கிறது. அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் நிறுத்தாமல் அனுப்பினால் போதும்.

இரவு தறிச் சத்தம் ஓய்ந்துவிட்டது. பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. வாசலில் குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டு, அரிசியளவு பேஸ்ட்டால் அம்மா பல் தேய்த்துவிடுகிறாள். முடிந்ததும் குழந்தை பழக்கப்படி சொம்பை நோக்கிக் கை நீட்டுகிறது. கொப்பளித்தால் புளோரைடும் தண்ணீரோடு போய்விடும். அவள் சொம்பை நகர்த்தி வைக்கிறாள்.

“துப்பிடு கண்ணு. தண்ணி வேணாம். அது பல்லுலயே இருக்கட்டும்.”