ஒற்றைக் குஞ்சும் கோழிக் கூட்டமும்

தாயில்பட்டியில் ஒரு சிறுவன் தாயற்ற கோழிக்குஞ்சு ஒன்றை எடுத்து வளர்க்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அது அவன் காலையே சுற்றிவரும். வளர்ந்தபின் கூட்டத்தில் விட்டாலோ, மற்றக் கோழிகள் அதைக் கொத்தி விரட்டும். ஏன்?

முதல் புதிரை ஆராய்ந்தவர் இங்கிலாந்தில் வாழ்ந்த டக்ளஸ் ஸ்பால்டிங். பொரித்தவுடன் குஞ்சுகளின் தலையில் சிறு உறை மாட்டிக் கண்ணை மறைத்தார். ஓரிரு நாளில் உறை நீக்கிய குஞ்சுகள் அவரையே பின்தொடர்ந்தன. ஏறத்தாழ நான்கு நாள் மூடி வைத்த மூன்று குஞ்சுகளோ அவரைக் கண்டு அஞ்சி ஓடின! தாயை அறிந்துகொள்ளும் பருவம் மிகக் குறுகியது என்பது புலனாயிற்று. 1873-இல் வெளிவந்த இக்கட்டுரை பின்னர் மறக்கப்பட்டது. 1954-இல் அதை மறுபடி அச்சேற்றியவர் ஜே.பி.எஸ். ஹால்டேன், 1957-இல் இந்தியாவில் குடியேறிய அதே அறிஞர்தாம்.

இரண்டாம் புதிரை விடுவித்தவர் நார்வே நாட்டு ஷெல்டெருப்-எப்பே. எந்தக் கோழி எதைக் கொத்துகிறது என்று சிறுவயதிலேயே குறித்துவந்தார். கூட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு படி உண்டு என்பதை 1922-இல் வெளியிட்டார். இதுவே 'கொத்தும் வரிசை'. புதிதாக வரும் கோழிக்கு அதில் இடமில்லை, போராடித்தான் பெறவேண்டும்.

ஆகவே, பொரித்த ஓரிரு நாளுக்குள் குஞ்சை இரவில் அடைக்கோழியின் இறக்கைக்கடியில் வைப்பதே நல்லது. காலம் கடந்துவிட்டால், குஞ்சு நன்கு வளர்ந்தபின், கம்பிவலைக்கு இப்பால் ஒரு வாரம் வைத்துப் பழக்கி, இரண்டு இடங்களில் தீனி வைத்துப் பின்பு கூட்டத்தில் விடலாம்.